ஏழாம் தலைமுறைக் கைநாட்டு

ரூத் வீட்டுக் கொல்லையில் ஏழாம் தலைமுறையாகப் பிறந்த மீன் ஒன்றின் வயிற்றில், சடையப்பனின் இடது கட்டைவிரல் ரேகை, நடுவிலிருந்த அரிவாள் தழும்பு உட்பட, தெளிவாக விழுந்திருந்தது. நாவல்மேட்டில் இது நடந்தது இரண்டாயிரத்து இருபத்திரண்டில், தக்காளி கிலோ நாற்பது விற்ற வாரம்.

சடையப்பன் அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே அலங்கார மீன் பண்ணை வைத்திருந்தவன். கண்ணாடித் தொட்டியின் பாசியை உறிஞ்சித் தின்னும் சக்கர் மீனில் அவனிடம் இரண்டு இனம் இருந்தது. ஒன்றின் வயிற்றில் புள்ளி, மற்றதில் புழு நெளிந்த மாதிரிக் கோடு. இரண்டும் வெளிநாட்டுச் சரக்கு. விலை விழுந்ததும் தீனி போட மனசில்லாமல் இரண்டையும் கூடைகூடையாக நாவல்மேட்டு ஏரியில் கொட்டினான். முள்ளும் ஓடுமாக இருந்தவற்றைக் கொக்குகூடத் தொடவில்லை. அவை வலைகளைக் கிழித்தன. முட்டையிடக் கரையில் முழங்கை ஆழத்துக்கு வளை தோண்டின. இரண்டாயிரத்துப் பதினைந்து பெருமழையில் சல்லடையாகிப் போன கரை உடைந்தபோது, அதன்மேல் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ரூத்தின் புருஷன் ஏசுபாதம் வெள்ளத்தோடு போய்ச் செத்தான். விசாரணைக்கு வந்த அதிகாரிகள் முன்னால் சடையப்பன், 'இந்த மீனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்ற காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். அவன் நிதானமாக ஆற்றிக் குடித்த அந்த டீ ரூத்தின் வயிற்றை எரித்தது. நாலு பேர் முன்னால் இவன் வாயால் ஒப்புக்கொள்ள வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள். காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பைபிளுக்குள் வைத்தாள். பைபிளில் மன்னிப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறது. ஜெராக்ஸ் இருந்த பக்கத்தில் இல்லை.

அடுத்த வருஷம் மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு மீன் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குக் குப்பி கழுவும் வேலை கிடைத்தது. அங்கிருந்த விஞ்ஞானி ஹரிப்ரியா ஏரி மீன்களின் மரபணுவைப் பார்த்துவிட்டு, புள்ளியும் கோடும் கலந்துவிட்டன என்றாள்.

"கலந்தா கோவேறு கழுத மாதிரி மலடால்ல போவும்?" என்று கேட்டாள் ரூத்.

"இதுங்க மலடாகலியேக்கா. மொதல் தலைமுறை பூரா ஒரே மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் சீட்டைக் கலைச்ச மாதிரிதான், ஒவ்வொண்ணு வயித்துலயும் ஒவ்வொரு கோலம்."

"ஜோடி பாத்து வுட்டா நம்ம கேக்கற கோலம் வருமா?"

வரலாம், ரொம்பப் பொறுமை வேண்டும் என்றாள் ஹரிப்ரியா.

ரூத் ஏரியில் பிடித்த மீன்களைக் கிணற்று உறைகளில் வளர்த்தாள். உடைந்த பைப்புத் துண்டுகளுக்குள் அவை முட்டையிட்டன. குஞ்சுகள் வளர்ந்ததும் ஒவ்வொன்றையும் மல்லாத்தி, ஜெராக்ஸோடு ஒப்பிட்டு, ஒத்துப்போனவற்றை ஜோடி சேர்த்தாள். மற்றவை தென்னைக்கு எருவாயின. இவை பருவத்துக்கு வர வழக்கமாக இரண்டு வருஷம் பிடிக்கும். ரூத் வீட்டில் பத்தே மாதம். அவள் கோபம் தண்ணீரில் இறங்கியிருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் தலைமுறையில் சுழி வந்தது, ஐந்தாவதில் ரேகை கிளை பிரிந்தது, ஏழாவதில் தழும்பு. தழும்பெல்லாம் மரபணுவில் வராது என்றாள் ஹரிப்ரியா. வந்திருந்தது.

தொட்டிகளுக்குச் சுண்ணாம்பு கலக்கியே சடையப்பனின் ஒன்பது விரல்களில் ரேகை என்றோ தேய்ந்துவிட்டது. மிச்சமிருந்த இடது கட்டைவிரலும் ஏழாம் தலைமுறை பொரிந்த அன்று சோப்புக்கட்டி மாதிரி வழவழத்துப் போனது. பண்ணை மூடிவிட்டது, மகன் ஊரப்பாக்கத்தில் குடியேறியதோடு சரி, திரும்பிப் பார்ப்பதில்லை. ரேஷன் அரிசியில் காலம் தள்ளியவனை யாரென்று தெரியவில்லை எனக் கைரேகை மெஷின் மூன்று மாதம் திருப்பி அனுப்பியது.

நான்காம் மாதம் ரூத் மீனை ஈரத்துண்டில் சுற்றிக் கொண்டுபோய் அதன் வயிற்றை மெஷினில் அழுத்தினாள். திரையில் சடையப்பன் பெயரும் கார்டு நம்பரும் வந்தன. கடைக்காரர் பக்தவத்சலம் மறுபேச்சில்லாமல் அரிசி அளக்கப் போனார். மெஷின் சொன்னால் அளப்பதுதான் அவர் வேலை.

"எனக்கு வேணாம் அண்ணாத்த. அவன வந்து வாங்கிக்க சொல்லு" என்றாள் ரூத்.

சடையப்பன் ஓடி வந்தான். வரிசையில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

"அந்த மீன கொஞ்சம் குடும்மா."

"யார் மீனு இது?"

"உன் வூட்டுதுதான்."

"அப்ப நான் எட்துகினு போறேன்."

சடையப்பன் அரிசி மூட்டையைப் பார்த்தான். "என் மீனுதான்" என்று முனகினான்.

"காதுல வுயல."

"என் மீனுதான்! ஏரில கொட்னது நான்தான். கரை ஒடஞ்சதும் ஏசுபாதம் செத்ததும் அதாலதான். போதுமா?"

ரூத்துக்கு ஏழு வருஷத்தில் முதல்முறையாக நன்றாகப் பசித்தது. மீனை மெஷினில் வைத்தாள். அரிசி விழுந்தது.

"அதான் சொல்ட்டேனே, மன்னிச்சிரும்மா" என்றான் அவன்.

"இன்னிக்கி சொன்னது இந்த மாச அரிசிக்கு. அடுத்த மாசம் வந்து இன்னொரு தபா சொல்லு. இந்த மீனு இருவது வருசம் உயிரோட இருக்குமாம்."

சடையப்பனுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. இன்றும் மாதாமாதம் அவன் சொல்கிறான், மீன் கைநாட்டு வைக்கிறது, பக்தவத்சலம் அளக்கிறார். ஈரத்தைத் துடைக்க மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு துணி தொங்குகிறது. ஆள் முதல் தடவையே சத்தமாகச் சொன்னால் வரிசை சீக்கிரம் நகருமே என்பதுதான் பின்னால் நிற்பவர்களின் குறை.