சைவ மீன்

சாலைக் கடைத்தெருவில் ஆணியும் தாழ்ப்பாளும் மொத்தமாக விற்கும் பகவதிப்பெருமாள் பிள்ளைக்கு, வீட்டுக்குள் எது வந்தாலும் அது சைவமா என்று தெரிந்தாக வேண்டும். அவருடைய தம்பி தாணுமாலையன் தம்பானூர் ஹோட்டலில் ஒற்றை ஆம்லெட் தின்றதை எவனோ பார்த்து வந்து சொல்லிவிட்டான். ஏதோ ஆளையே அறுத்துத் தின்றவன் மாதிரி அன்றே தம்பியை வாசலுக்கு வெளியே நிறுத்தினார். அதற்குப் பிறகு மூன்று தீபாவளி போய்விட்டது.

பிள்ளையின் மனைவி சொர்ணம்மாளுக்கு அது ஆறவேயில்லை. அவள் மருமகளாக வந்தபோது தாணு சின்னப் பையன். அவள் பிசைந்து போட்ட சோற்றில் வளர்ந்தவன். இப்போது மகள் வடிவாம்பாளுக்கு நிச்சயதாம்பூலம். சித்தப்பன் இல்லாமல் தட்டு மாற்றுவதா? வாயைத் திறந்தால், "அந்த முட்டைக்காரன் பேச்சை எடுக்காதட்டீ" என்பார் பிள்ளை.

அப்பேர்ப்பட்டவர்தான் மீன் வாங்கப் போனார். எதிர்வீட்டு ஜவுளிக்காரர் கலர் டெலிவிஷன் வாங்கிவிட்டாராம். சம்பந்தி வரும்போது நம் கூடத்திலும் ஏதாவது மின்ன வேண்டாமா? ஆள் படுக்கிற நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. பம்பாயிலிருந்து மீன் தருவித்து விற்கும் தாசையன் பையில் கட்டிய மீன்களோடு வந்தார்.

"ஆப்பிரிக்கா ஏரி மீனாக்கும் மொதலாளி. பாறையில உள்ள பாசிதான் இதுக்கு ஆகாரம்."

"அப்போ சைவம்!" பிள்ளைக்கு முகமெல்லாம் பல்.

"ஆனா இது சண்டைக்கார சாதி கேட்டேளா. நெறைய கல்லு போட்டு, கூட்டமா விடணும். நெருக்கிக் கெடந்தா ஒருத்தனுக்கும் மத்தவனைக் குறிவச்சு அடிக்க முடியாது."

பிள்ளைக்குத் தெரியாததா? தாராளமாக இடம் இருந்தால் எவன் சண்டை போடுவான் என்றார். சேலை பொறுக்குவது போல நிறத்துக்கு ஒன்றாக ஆறே மீன் எடுத்தார். நடுவில் ஒரே ஒரு கல்லை, கர்ப்பக்கிரகத்துச் சாமி மாதிரி நிறுத்தினார். தினமும் அவித்த கீரையைத் தம் கையால் தூவினார். "நம்ம வீட்டு மீன் கீரைதான் தின்னும்" என்று கடைக்கு வந்தவனிடமெல்லாம் சொன்னார்.

நீல மீன் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் வந்ததை எல்லாம் துரத்தியது. முதலில் மஞ்சள் மீன் வால் கிழிந்து மிதந்தது. பிறகு வெள்ளை. பிள்ளை தண்ணீரைக் குறை சொன்னார். ஜவுளிக்காரர் கண் பட்டுவிட்டது என்று தொட்டிக்குத் திருஷ்டி கழித்தார். நீலம் அசரவில்லை. நிச்சயத்தன்று அது மட்டும்தான் மிச்சம், கொழுகொழுவென்று.

பாளையங்கோட்டையிலிருந்து வந்த சம்பந்தி குற்றாலலிங்கம் பிள்ளை தொட்டி முன் நின்றார். "இம்புட்டுப் பெரிய தொட்டியில ஒத்த மீனா? மத்ததை இது தின்னுட்டோ?"

பிள்ளை பதில் சொல்வதற்குள் சொர்ணம்மாள் முந்திக்கொண்டாள்.

"சேச்சே, இது சுத்த சைவம் அண்ணாச்சி. தின்னாது. கூடப் பொறந்ததுன்னாலும் அடிச்சு வெளியே தள்ளும், அம்புட்டுத்தான்."

சம்பந்தி குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்தவர் சுற்றிப் பார்த்தார். "அது இருக்கட்டும், பொண்ணுக்குச் சித்தப்பா எங்க? தட்டு மாத்த ஆள் வேண்டாமா?"

பிள்ளை மனைவியைப் பார்த்தார். அவள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வ... வருவான்" என்றார் பிள்ளை.

அந்த ஒரு சொல் போதும் அவளுக்கு. தாணு பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வாசலில் புதுவேட்டியோடு நிற்பது அவளுக்கல்லவா தெரியும், நிற்கச் சொன்னவளே அவள்தானே. ஆள் போனது, தாணு வந்தான். "மதினி" என்று அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தட்டு மாறியது.

பந்தி போட்டார்கள். பிள்ளை தம் பக்கத்து இலையில் சம்பந்தியை உட்காரவைத்தார். தம்பிக்கு மட்டும் கடைசியில், தூண் ஓரமாக, தனியாக ஓர் இலையைப் போட்டார். சொர்ணம்மாள் சோற்று வாளியைக் கீழே வைத்தாள். அந்த இலையை எடுத்துக்கொண்டு வந்து, புருஷனுக்கு மறுபக்கத்தில், இலையோடு இலை உரசும்படி விரித்தாள்.

"என்னட்டீ இது?" என்றார் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு.

"நெருக்கிப் போட்டாத்தான் அடிக்காதாம். மீன்காரரு அன்னைக்கே சொன்னாருல்லா" என்று சொல்லிவிட்டு, தாணுவின் இலையில் முதல் கரண்டிச் சோற்றை வைத்தாள்.