கண்ணாடியில் பழுதில்லை

விளம்பரத்தில் ஐந்து படங்கள் போட்டிருந்தார்கள். ஐந்தும் வெளிப்பக்கம்தான். லென்ஸுக்குள் வெளிச்சம் அடித்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. 'ஒரு கீறல் கிடையாது' என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. கீறலைப் பற்றி இப்போது யார் கேட்டார்கள் என்று பானுப்பிரியா போனைப் பார்த்தே சிடுசிடுத்தாள். விற்கிறவர் வாய் திறக்காத இடத்தைத்தான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. அவளிடம் புடவை விற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அவள் தேடியது பழைய ஸ்பாட்டிங் ஸ்கோப். ஒற்றைக் கண்ணால் பார்க்கிற, ஸ்டாண்டில் நிறுத்தி வைக்கிற தொலைநோக்கி. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறவளுக்கு அது எதற்கு என்று உடன் வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். காரணம் அவள் வீட்டுக்காரன் அன்பரசன். அதே கம்பெனியில், வானத்தில் போய் வெடிக்கிற ஃபேன்சி ரகங்களைப் பொட்டலில் வைத்துக் கொளுத்திப் பார்ப்பது அவன் வேலை. கொளுத்தியது சில நேரம் வெடிக்காது. திரி வெளியிலேயே அணைந்துவிட்டதா, நெருப்பு உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறதா என்பது தெரிய வேண்டும். அரை மணி நேரம் யாரும் கிட்டப் போகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அன்பரசனோ பத்து நிமிடத்தில் விறுவிறுவென்று போய்க் குனிந்து பார்த்துவிடுவான். ஆவணியில் அப்படிக் குனிந்து நிமிர்ந்த மறு விநாடி குழாயிலிருந்து வெடி சீறிக்கொண்டு கிளம்பியது. சட்டையும் புருவமும் போனதோடு விட்டது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எவ்வளவு திட்டினாலும் அவன் கேட்பதாக இல்லை. நூறு மீட்டர் தள்ளி நின்றே திரியைப் பார்க்க ஒரு வழி வேண்டும் என்று முடிவு கட்டினாள். பதினைந்து நாள் வீடியோ பார்த்து, பழைய ஸ்கோப்பை எப்படிச் சோதிப்பது என்பதைக் கரைத்துக் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவனுடைய எக்ஸெல் வண்டியில் விருதுநகர் வந்து சேர்ந்தார்கள். ஸ்கோப்புக்குச் சொந்தக்காரர் முகம்மது ரியாஸ், மிளகாய் மண்டிக்காரர். பறவை பார்க்கிறேன் என்று இரண்டு வருடம் கண்மாய் கண்மாயாக அலைந்து, மண்டியைப் பார்க்க ஆளில்லாமல் போனதும் பைத்தியம் தெளிந்தவர். மண்டியின் மொட்டை மாடியில் ஸ்கோப்பைத் தயாராக நிறுத்தியிருந்தார். கீழே மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார்கள். நெடி மாடி வரைக்கும் ஏறியது.

பானுப்பிரியா முதலில் கண்ணை வைக்கவே இல்லை. ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினாள். உள்ளே எதுவும் கழன்று ஆடவில்லை. போன் டார்ச்சை ஒரு முனையில் அடித்து, மறுமுனை வழியாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நூல் நூலாக வெள்ளை படர்ந்திருந்தால் அது பூசணம். இருந்தால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இல்லை. நாலு தூசி மட்டும் இருந்தது, அதை மன்னித்துவிட்டாள். ஃபோகஸ் சக்கரம் ஓரிடத்தில் லேசாகப் பிடித்தது, அதற்கு மட்டும் விலையைக் குறைக்கச் சொன்னாள். மிளகாய் வாங்க வருகிற வியாபாரிகள்கூட மூட்டையை இப்படிக் குடைந்ததில்லை என்று ரியாஸ் சொன்னார். அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்தது அவளே யோசித்துவைத்த சோதனை. தாளில் பொதிந்து மூன்று துண்டுத் திரி கொண்டுவந்திருந்தாள். ஒன்று எரிந்து தீர்ந்தது, ஒன்று எரியாதது, ஒன்று பாதியில் அணைந்தது. பட்டாசுத் திரி என்றதும் மண்டிக்காரர் கையை விரித்துத் தடுத்தார். தீப்பெட்டி கொண்டுவரவில்லை என்று அவள் சத்தியம் செய்த பிறகுதான் சம்மதித்தார். இரண்டு தெரு தள்ளியிருந்த அவருடைய மச்சான் வீட்டு மாடிக் கொடிக்கயிற்றில், எந்த வரிசை என்று அவளிடம் சொல்லாமல், அன்பரசன் மூன்றையும் கட்டிவிட்டு வந்தான்.

ஸ்கோப்பை மறுபடி ஸ்டாண்டில் மாட்டி, இப்போதுதான் அவள் கண்ணை வைத்தாள். கொடிக்கயிற்றின் முறுக்குகூடத் தெரிந்தது.

"எடது பக்கம் பாதி எரிஞ்சது. நடுவுல இருக்கது எரியாதது. கடைசில இருக்கது வெளுத்துச் சுருண்டுருச்சு. சரியா?"

சரிதான். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்பரசனையும் ஒருமுறை பார்க்கச் சொன்னாள்.

அவன் குனிந்தான். சக்கரத்தை இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். மங்கலாக இருக்கிறது, உள்ளே பூசணம்தான், வேண்டாம் என்று நிமிர்ந்தான்.

பானுப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. பதினைந்து நாள் படிப்பு வீணா என்று மறுபடி பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. ரியாஸும் பார்த்தார். மச்சான் வீட்டில் காய்கிற துண்டின் பொத்தலை எண்ணிச் சொன்னார். மிளகாய் நெடியில் கண் எரிகிறது என்றான் அன்பரசன். ரியாஸ் ஒரு செம்புத் தண்ணீர் வரவழைத்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி குனிந்தான். வலது கண்ணை வைத்தான். நெடுநேரம் கழித்து இடது கண்ணை வைத்தான். சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தான், நிமிரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"எம்புட்டு நாளா இப்படி இருக்கு?"

"போன சீசன்லருந்து." அவன் ஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னான். "வலது கண்ணு சுத்தமா மங்கிருச்சு. இதுலயும் பனி மூடுன மாதிரி இருக்கு, தூரத்துல உள்ளது தெரியல. சொன்னா வேலையிலருந்து எடுத்துருவாகன்னு சொல்லல. கிட்டப் போனாத்தான் திரி தெரியுது பானு."

இத்தனை நாளும் அதைத் திமிர் என்று நினைத்து எப்படியெல்லாம் ஏசியிருக்கிறாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மாடி என்றும் பாராமல் அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள். ரியாஸ் நாகரிகமாக ஸ்கோப்பின் பையை எடுத்துவரக் கீழே போய்விட்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டதும் அவளுக்குச் செய்ய வேண்டியது தெளிவாகத் தெரிந்தது.

"நாளைக்கு மதுரைக்கு, கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம். அவுக சொல்ற வரைக்கும் நீங்க திரியில கை வைக்கக் கூடாது. அதுக்கப்புறமும் பொட்டல்ல இதுல பாக்குறது நான்தான். நான் சொல்லாம ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. மானேஜர்ட்ட நானே பேசிக்கிறேன்."

அவன் தலையாட்டினான். பேசிக் குறைத்த விலைக்கே ஸ்கோப்பை வாங்கிப் பையில் போட்டார்கள்.

கீழே இறங்கியதும் அன்பரசன் பழக்கத்தில் வண்டியின் முன்னால் போய் உட்கார்ந்தான். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் லாரிகளுக்கு நடுவே சாத்தூர் வழியாக அத்தனை தூரத்தையும் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் ஓட்டி வந்திருக்கிறான். பின்னால் உட்கார்ந்து அவள் பாட்டுக்கு லென்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"எறங்குங்க. சாவியக் குடுங்க."

அவன் இறங்கிச் சாவியைக் கொடுத்தான். பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான்.