அபூ ஸக்ர் தலாக் போட்டுக் கொடுத்த மீன்

மிஷ்ரிஃப் வட்டாரத்தில் ஜர்ராஹை நம்பாதவர்கள் யாரும் இல்லை. ஜர்ராஹ் நம்புகிற ஆள்தான் ஒருவரும் இல்லை. முப்பது வருஷம் குவைத் சுங்கத்தில் அடுத்தவர் பெட்டியைத் திறந்து துழாவிய கை அது. ஓய்வு பெற்ற பிறகு துழாவப் பெட்டி கிடைக்காமல், கூடத்தில் நாலடிக்கு ஒரு கடல்நீர்த் தொட்டியை வைத்துக்கொண்டு அதைத் துழாவிக்கொண்டிருந்தார்.

தொட்டியின் நடுவில் ஒரு மூளைப் பவளம். வாங்கும்போது எலுமிச்சை அளவு. ஆறு வருஷத்தில் சோற்றுத் தட்டளவுக்கு விரிந்து, பச்சையாக, மடிப்பு மடிப்பாக வளர்ந்திருந்தது. பிள்ளைகள் பரீட்சையில் வாங்கிய மதிப்பெண் அவருக்கு ஞாபகம் இருக்காது. பவளம் எந்த மாதம் எவ்வளவு வளர்ந்தது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். அந்தப் பவளத்துக்குத்தான் இந்தக் கோடையில் ஆபத்து வந்தது. பாறையெல்லாம் முடி மாதிரி பாசி படர்ந்து, பவளத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டது. கையால் பிடுங்கினால் பவளத்தின் சதை கிழியும். விட்டால் மூடிக் கொன்றுவிடும்.

ஒரு மீன் வேண்டும். பாசியைத் தின்ன வேண்டும், பவளத்தைத் தொடக்கூடாது, நாலடித் தொட்டிக்குள் அடங்க வேண்டும். மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட இத்தனை நிபந்தனை போடுவதில்லை என்பது அவர் மனைவி ஹயாவின் கருத்து.

வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அவர் சட்டைப்பையில் காய்ந்த கடற்பாசித் துண்டோடு போனார். மீன் தின்பதைக் கண்ணால் பார்க்காமல் வாங்குகிற ஆளா அவர்? எகிப்துக்காரன் ஃபத்ஹி ஒரு ஊதா மீனைக் காட்டினான்.

"இதைக் கொண்டு போங்க ஹாஜி. பூனைக்குட்டி மாதிரி."

"இந்தப் பாசியைப் போடு. தின்னட்டும், பார்க்கிறேன்."

"இப்பதான் சாப்பிட்டுச்சு. வயிறு ரொம்பியிருக்கு."

"போன வாரமும் ரொம்பியிருந்துச்சு. உன் கடையில மீனுக்கெல்லாம் எந்நேரமும் விருந்து போல. எவ்வளவு பெருசா வளரும்?"

ஃபத்ஹி உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ஜர்ராஹ் முழங்கை வரைக்கும் தொட்டுக் காட்டினார்.

"உங்களுக்கு எல்லாம் தெரியுது, அப்புறம் எதுக்கு என்னைக் கேக்குறீங்க?"

"நீ என்ன பொய் சொல்றேன்னு பார்க்கத்தான்."

வெறுங்கையோடு திரும்பியவர், ஜும்ஆ தொழுகை முடிந்து அபூ ஸக்ரின் திவானியாவுக்குப் போனார். வட்டாரத்து ஆண்கள் கால் நீட்டி உட்கார்ந்து தேநீர் குடித்து ஊர்வம்பு பேசுகிற கூடம் அது. அபூ ஸக்ர் யாராவது புதுக் கார் வாங்கினால் மறுவாரமே அதைவிடப் பெரிய காரில் வந்து நிற்கிற மனிதர். ஜர்ராஹின் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போன ஆறு மாதத்தில் எட்டடித் தொட்டி ஒன்றைச் சுவரில் பதித்துவிட்டார். திவானியாவில் விருந்தாளிகள் பார்க்க ஒரு கண்ணாடி, உள்ளே வீட்டுப் பெண்கள் பார்க்க மறுபக்கம் ஒரு கண்ணாடி. இன்றைக்கு இந்தப் பக்கத்துக் கண்ணாடியில் பாதியைத் திரை மறைத்திருந்தது. திரை விட்ட இடத்தில் ஒரு மீன் நீந்தியது. வளைகுடாக்காரர்கள் அன்ஃபூஸ் என்கிற இனம். நீல உடம்பு, விலாவில் மஞ்சள் பிறை.

ஜர்ராஹ் அதைச் சுங்கக் கண்ணால் உற்றுப் பார்த்தார். பேச்சு மெல்ல நின்றது. வாய் திறக்காமல் அப்படி முறைத்துப் பார்த்தால் கண்ணேறு போடுகிறான் என்றுதானே நாலு பேர் நினைப்பார்கள்? பதறிப்போய் சொல்லிவிட்டார்:

"மாஷா அல்லாஹ்! என்ன அழகு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். புகழ்ந்த பொருளை "உனக்குத்தான், எடுத்துக்கோ" என்று நீட்டாத வீடு குவைத்தில் கிடையாது. நீட்டுவார்கள்; நாம் மறுப்போம்; மறுபடி நீட்டுவார்கள்; மறுபடி மறுப்போம்; மூன்றாவது தடவை இருவருக்கும் திருப்தி, பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அபூ ஸக்ர் இரண்டாவது தடவைக்கே காத்திருக்கவில்லை.

"அபூ நாயிஃப், இது உனக்கு," என்றார், ஜர்ராஹை அவர் மூத்த மகன் பேரால் அழைத்து.

"அல்லாஹ் உனக்கே வச்சிருக்கட்டும் அபூ ஸக்ர், நான் சும்மா—"

"என் பொண்டாட்டி மேல மூணு தலாக், இந்த மீன் இன்னிக்கு உன்னோட வெளியே போகலேன்னா!"

ஒரு மீனை மறுத்து ஒரு குடும்பத்தைப் பிரித்தவன் என்ற பேரை யார் சுமப்பது? ஜர்ராஹ் சரி என்று தலையாட்டினார். கதவுக்குப் பின்னாலிருந்து வாளி வந்தது. அதில் கடல்நீர் ஏற்கெனவே நிறைந்திருந்தது. காற்றுக் குமிழி விடுகிற குழாய்கூட அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஜர்ராஹ் அதைப் பார்த்தார். பார்த்ததை மனசில் ஒரு பக்கமாக வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கப்படி மீனைத் தனித் தொட்டியில் விட்டார். புதிதாக வரும் எதையும் மூன்று வாரம் தனியே வைத்துப் பார்க்காமல் பெரிய தொட்டிக்குள் விட்டதில்லை.

மறுநாளே அபூ ஸக்ரின் தொலைபேசி.

"பெரிய தொட்டியில விட்டாச்சா? ஒரு வீடியோ அனுப்பேன்."

"விடுறேன், விடுறேன்."

அதற்கு மறுநாளும் வந்தது. அதற்கும் மறுநாள் இரண்டு தடவை வந்தது.

"பாத்தியா ஹயா? கொடுத்தவனுக்கு என்ன இவ்வளவு அவசரம்? என் பவளத்துல அவன் கண்ணு விழுந்து வருஷமாச்சு. தன்னால வளர்க்க முடியல, என்னுதையும் அழிக்கப் பார்க்கிறான்."

"ஆமா. உங்களைக் கவுக்கத்தான் அந்த மனுஷன் எட்டடியில தொட்டி கட்டி, மீன் வளர்த்து, பொண்டாட்டியவே பணயம் வச்சான். வேற வேலையே இல்ல பாருங்க அவனுக்கு."

ஜர்ராஹ் பவளத்தின் ஓரத்தில் பாசி ஏறாத ஒரு சின்னத் துண்டை நெஞ்சு வலிக்க உடைத்து அன்ஃபூஸுக்கு முன்னால் வைத்தார். மீன் சீண்டவில்லை. அவர் பார்க்கிறவரைக்கும் மதரஸாப் பிள்ளை மாதிரி அடக்கமாக நின்றது. இவருக்கா தெரியாது? குற்றவாளிகள் சுங்க மேசைக்கு முன்னால் அப்படித்தான் நிற்பார்கள். கண்ணாடியைத் துணியால் மூடி, அதில் ஓட்டை போட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. அன்ஃபூஸ் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தது. பிறகு பவளச் சதையை வெடுக்கென்று பிய்த்துத் தின்றது.

"அம்பிட்டியா!" என்று ஜர்ராஹ் கத்தியதில் ஹயா கையிலிருந்த கோப்பையைத் தவறவிட்டாள்.

ஆனால் பாதி வழக்குதான் முடிந்தது. மீன் குற்றவாளி, சரி. அனுப்பியவன்? ஹயா பொறுமை இழந்து அபூ ஸக்ரின் மனைவி உம்மு ஸக்ருக்கே போன் போட்டாள். அரை மணி நேரம் பேசினாள். ஜர்ராஹ் சுவரோரம் நின்று ஒட்டுக்கேட்டார், ஆனால் அவள் பக்கத்திலிருந்து "அய்யோ", "அடப்பாவமே", "உன் கண்ணு முன்னாலயேவா?" தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை.

"கேட்டுக்கோங்க," என்றாள் ஹயா, போனை வைத்துவிட்டு. "அவங்க தொட்டியில இருந்த பவளம் மொத்தத்தையும் அந்த மீன் தின்னு தீர்த்துடுச்சாம். வெறும் கல்லுதான் பாக்கி. அதான் திரை. 'ஒண்ணு இந்த மீன் போகணும், இல்ல நான் அம்மா வீட்டுக்குப் போறேன்'னு அவ சொல்லிட்டா. இத்தனை விலை கொடுத்து ஏமாந்தேன்னு வெளியே சொல்ல அவருக்கு வெக்கம். நீங்க போய் மாஷா அல்லாஹ்ன்னீங்க."

"அப்ப என் பவளத்தை அழிக்க இல்லையா?"

"உங்க பவளம் அவர் நினைப்பிலயே இல்ல."

ஜர்ராஹுக்கு இது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

"இன்னொண்ணு சொன்னா. தொட்டியில ஒரே ஒரு மீன் மிச்சமாம். விரல் நீளம், சாம்பல் நிறம், தவளை மூஞ்சி. பார்க்கச் சகிக்காதாம். நாள் பூரா கல்லைச் சொரண்டிட்டே இருக்குமாம். அந்தக் கல்லுல ஒரு பொட்டுப் பாசி கிடையாதாம்."

ஜர்ராஹ் கார்ச் சாவியைத் தேடினார்.

அபூ ஸக்ர் வாசலிலேயே வெளிறிப் போனார். வீட்டுக்குள் நடந்த கதை வெளியே வந்துவிட்டது என்று முகமே சொன்னது. ஆனால் ஜர்ராஹ் அன்ஃபூஸைப் பற்றி வாய் திறக்கவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய், திரையை ஒதுக்கி, விரலை நீட்டினார்.

"இதைக் கொடு."

இப்போது அபூ ஸக்ரின் கண் சுருங்கியது. கேட்டு வாங்குகிற பழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது. அதுவும் இந்த அவலட்சணத்தை.

"இதையா? ஏன்?"

"பாசி தின்னும்."

"பாசி தின்னுற மீனுக்கா இந்த வெயில்ல ஓடி வந்தே? உண்மையைச் சொல்லு. அபூர்வமா? வெளிநாட்டுல என்ன விலை போகுது?"

"அபூ ஸக்ர், பாசி தின்னும். அவ்வளவுதான்."

"ஒரு வாரம் டயம் கொடு. விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

"ஒரு வாரத்துல என் பவளம் செத்துடும்யா!"

குரல் உடைந்ததை அபூ ஸக்ர் கவனித்தார். தன் தொட்டியின் வெறுங்கல்லை ஒரு தடவை பார்த்தார். வலையை எடுத்தார். இந்தத் தடவை சத்தியம், தலாக் எதுவும் இல்லை.

அன்ஃபூஸ் ஃபஹாஹீலில் ஹயாவின் தம்பி நடத்தும் உணவகத்துக்குப் போயிற்று. அங்கே பெரிய தொட்டி, வெறும் பாறை. மூன்று வாரம் காத்திருக்கும் வழக்கத்தை ஜர்ராஹ் வாழ்க்கையில் முதல்முறையாக மீறினார், பாசி காத்திருக்காதே. தவளை மூஞ்சி தண்ணீரில் இறங்கியதும் பவளத்தின் ஓரத்துக்கே போய் உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தது. வியாழக்கிழமைக்குள் விளிம்பு வெளியே வந்துவிட்டது. பச்சை மடிப்புகள் மெல்ல உப்பி விரிந்தன.

ஹயா தேநீரோடு வந்தபோது பெரிய தொட்டியின் மேல் ஓட்டை போட்ட துணி தொங்கியது. பின்னால் ஜர்ராஹ், நாற்காலியில், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு.

"இன்னும் என்ன? அதான் நல்லா சொரண்டுதே."

"உஷ்," என்றார் ஜர்ராஹ். "ரொம்ப நல்லா சொரண்டுது. அதான் எனக்குச் சந்தேகம்."