பந்தைத் தொடாத எழுபத்திரண்டாம் நம்பர்

பதின்மூன்று வருடம் பந்து விளையாடியவன் ஒருதரம்கூடப் பந்தைத் தொட்டதில்லை என்றால் பாரிஸில் ஈழத்தமிழர் கடைத்தெருவான லா சப்பல் சும்மா விடுமா? அவனுடைய தகப்பன் மார்க்கண்டுவைக் கண்டாலே கேலி செய்ய ஆட்களுக்கு வாய் ஊறியது.

அவருடைய மகன் ஜனகன் 2009இல், பதினாலு வயதில், பாரிஸை ஒட்டிய லா கூர்னெவ்வில் ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் கிளப்பில் சேர்ந்தான். அப்போதே தொண்ணூறு கிலோ. இப்போது நூற்று முப்பத்தைந்து. பந்தை எறிகிற பையனை விழுத்த எதிரணித் தடியர்கள் பாய்ந்து வருவார்கள். குறுக்கே நின்று அவர்களைத் தடுப்பதுதான் ஜனகனின் வேலை. எறிகிறவன் வேறு, பிடிக்கிறவன் வேறு, பேப்பரில் படம் வருகிறவனும் வேறு. எறிகிறவன் ழான்-மார்க், புதுச்சேரிக்கார மர்கரீத்தின் மகன். அந்த அம்மாள் எதிரே வந்தால் மார்க்கண்டு தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுவார். அவ்வளவு பொறாமை.

ரூ பெர்தொனே தெருவில் நகைக்கடை வைத்திருந்த மடுத்தீன் ஒருநாள் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது கேட்டான். “அண்ணை, உங்கட மோனுக்கும் பந்துக்கும் ஏதும் கோவமோ?”

இந்த நேரத்தில்தான் ஜெர்மனியில் ஒரு கிளப்பிலிருந்து ஆள் எடுக்கிறவர் ஒருவர் ஜனகனைப் பார்க்க வரப்போகிறார் என்று செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பிடித்திருந்தால் இரண்டு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம். கிடங்கில் பெட்டி தூக்குவதை விட்டுவிட்டு விளையாட்டையே தொழிலாகச் செய்யலாம். மகன் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை அது. மார்க்கண்டுவுக்கு நித்திரை போய்விட்டது. பந்தையே தொடாதவனை எந்த மடையன் சம்பளம் கொடுத்துக் கூட்டிப்போவான்?

ஆகவே நம்முடைய ஆட்கள் வழக்கமாகச் செய்வதை அவரும் செய்தார். பெரிய ஆளைப் போய்ப் பார்த்தார், வெறுங்கையோடு போகவில்லை. அறுபது மட்டன் ரோல்ஸைப் பயிற்சியாளரின் மேசையில் வைத்து, மகன் ஒருதரமாவது பந்தைப் பிடிக்க வேண்டும் என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். பயிற்சியாளர் நின்றபடியே ஏழு ரோல்ஸ் சாப்பிட்டார். எட்டாவதை எடுத்துக்கொண்டு, அதற்கும் ஒரு விதி இருக்கிறது என்றார். நடுவரிடம் முன்கூட்டியே சொன்னால் தடுக்கிறவனும் அந்த ஒருமுறை ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கலாம். ஞாயிறன்று ஒரேயொரு தரம் செய்து பார்ப்போம்.

மார்க்கண்டு இந்தச் சங்கதியை யாருக்கும் சொல்லவில்லை. மடுத்தீனோடு சேர்த்துப் பதினைந்து பேரை மட்டும் ஆட்டம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். முன்வரிசையில் ஜெர்மன்காரர் குறிப்பெழுதச் சின்னக் கொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் கட்டத்தில் நடுவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: எழுபத்திரண்டாம் நம்பர் இம்முறை பந்தைப் பிடிக்கலாம். அது ஜனகனின் நம்பர். மார்க்கண்டு எழும்பி நின்றார். “மடுத்தீன், இப்ப பார். கண்ணை வெட்டாமல் பார்.”

ஜனகன் ஓடினான். நாலு அடி ஓடியிருப்பான். அன்று முழுக்க அவன் மறித்து வைத்திருந்த தடியன், ஆள் விலகியதைக் கண்டு ழான்-மார்க்கை நோக்கிப் பாய்ந்தான். ஜனகன் திரும்பிப் பார்த்தான். அப்படியே திரும்பி வந்தான். வந்த வேகத்தில் தடியன் மீது மோதி அவனைப் புல்லில் மல்லாத்தினான். அதற்குள் ழான்-மார்க் பந்தை எறிந்துவிட்டான். அது ஜனகன் நின்றிருக்க வேண்டிய இடத்தில் தன்பாட்டில் விழுந்து உருண்டது.

“அண்ணை,” என்றான் மடுத்தீன், “பந்து அங்கை போகுது. உவர் எங்கை போறார்?”

பதினைந்து பேரும் சிரித்தார்கள். மார்க்கண்டுவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆட்டம் முடிந்ததும் நேரே மகனிடம் போனார்.

“அறுபது ரோல்ஸ் குடுத்து வாங்கின பந்தடா. ஏன்டா திரும்பி வந்தனீ?”

அது தன் வேலை என்று ஜனகன் பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

திரும்பினால் பின்னால் மர்கரீத் நின்றாள். தப்ப வழியில்லை. கேலி செய்யப்போகிறாள் என்று மார்க்கண்டு பல்லைக் கடித்துக்கொண்டார். அவளோ அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“மிசியே, முந்தின கிளப்புல என் புள்ளைக்குத் தோள் எலும்பு ரெண்டு தடவ ஒடைஞ்சுது. கண்ண மூடிக்கிட்டு ஜெபம் பண்ணிட்டே உக்காந்திருப்பேன். இங்க வந்து மூணு வருஷம் ஆச்சு. உங்க புள்ள முன்னாடி நிக்கிறதால நான் கண்ணத் தொறந்து மேட்ச் பாக்குறேன். இன்னிக்கும் அவன் திரும்பி வரலன்னா நாங்க இந்நேரம் ஆஸ்பத்திரில இருப்போம்.”

மார்க்கண்டு மகன் குளிக்கப் போன பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அந்த ஜெர்மன்காரர் உங்க புள்ளைய எடுத்துக்கிட்டார், உங்களுக்குச் சொன்னாங்களா? அவன் திரும்பி வந்தான் பாருங்க, அதப் பாத்ததும் இது போதும்னு நோட்ட மூடிட்டு எழுந்துட்டார்.” அவள் கண் கலங்கியது. “நல்லா இருக்கட்டும். நான்தான் இனிமே பழையபடி கண்ண மூடிக்கணும்.”

அவள் போன பிறகும் மார்க்கண்டு அங்கேயே நின்றார். பதின்மூன்று வருடமாக ஒவ்வொரு ஆட்டத்திலும் தான் பார்த்துக்கொண்டிருந்தது பந்தை, மகனையல்ல என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இனியாவது அவனைப் பார்க்கலாமென்றால் மைதானத்தில் ஒருவரும் இல்லை. அடுத்த மாதம் அவன் ஜெர்மனியில் இருப்பான்.