கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம்

அடிப்பிடித்த பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே மாமியார் சொன்னார்: "கண்ட மாத்திரையும் தின்னு வயித்தை இப்படி ஆக்கி வெச்சிருந்தா, கரு எப்படித் தங்கும்?" பாத்திரத்திடம் சொல்வதுபோல்தான் சொன்னார். ஆனால் கட்டிலில் சுருண்டு கிடந்த மருமகள் காதிலும், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகன் காதிலும் விழுகிற அளவுக்குச் சொன்னார்.

மருமகள் கணவனைப் பார்த்தாள். இப்போதாவது வாயைத் திறக்கிறானா என்று பார்த்தாள். ஊமைக்கோட்டான் மாதிரி நின்று சட்டைக்குப் பொத்தான் போட்டான், சீப்பைத் தேடினான், செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாம் மாதமே கலைந்துபோன கருவுக்காக அழுது முடிக்கக்கூட விடவில்லை இவர்கள். கருத்தடை மாத்திரையை அவள் என்ன திருட்டுத்தனமாகவா வாங்கித் தின்றாள்? மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அந்தப் புண்ணியவான்தான் மாதாமாதம் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தான். தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அப்புறம் பெற்றுக்கொள்ளலாம் என்றதும் அவன்தான். அவள் மறந்துவிட்டால் தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றதும் அவன்தான். பீரோவை ஒழிக்கும்போது பழைய மாத்திரை அட்டை ஒன்று அம்மா கையில் சிக்கிய அன்றைக்கு மட்டும் ஐயாவுக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விட்டது.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். இப்படி ஆரம்பத்திலேயே கலைவதற்குப் பெரும்பாலும் கரு உருவாகும்போதே நேர்கிற கோளாறுதான் காரணம், எப்போதோ நிறுத்திய மாத்திரை காரணமே இல்லை, நீ செய்த தப்பு எதுவும் இல்லை என்றார். மாத்திரையால் பின்னால் கெடுதல் இல்லை என்பது அவளுக்கு முன்பே தெரியும். ஒரு சாயங்காலம் கடையில் அவனுக்காகக் காத்திருந்தபோது, கூச்சத்தோடு வந்து நின்ற ஒரு பெண்ணுக்கு அவனே அட்டையைக் கண்ணாடி மேசைமேல் வைத்து விளக்கிக்கொண்டிருந்தான். எவ்வளவு பொறுமை, எவ்வளவு கனிவு! அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது வயிறு எரிந்தது.

எழுந்து முகம் கழுவினாள். "அத்தை, உங்க முழங்காலுக்கு மருந்து வாங்கணும்னீங்களே, வாங்க போலாம்" என்றாள். மாமியாருக்கு ஆச்சரியம்தான். ஆனாலும் கிளம்பினார்.

கடையில் கூட்டம். கணவன் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கவனித்துக்கொண்டிருந்தான். அவளும் வரிசையில் நின்றாள்.

"சொல்லுங்க, என்ன வேணும்?" என்று நிமிர்ந்தவனின் முகம் வெளுத்துவிட்டது.

"அத்தைக்கு முழங்கால் மருந்து. எனக்கு ஒரு சந்தேகம். கருத்தடை மாத்திரை சாப்பிட்டு நிறுத்தினவங்களுக்கு அப்புறம் கரு தங்காதா? வர்றவங்களுக்கெல்லாம் சொல்வீங்களே, அதை அத்தைக்கும் சொல்லுங்க."

பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவன் குனிந்து, "வீட்டுல பேசிக்கலாம்" என்றான்.

"வீட்டுல உங்களுக்குப் பேச்சு வராது. அதனாலதான் இங்க வந்தேன்."

மாமியார் மகனையே பார்த்தார். "கேக்குறால்ல, சொல்லேன்டா" என்றார்.

அவன் கை பழக்கத்தில் இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தது. அதைப் பார்த்தபடியே பேசினான். "இது கருமுட்டை வெளிய வராம தடுக்கும்மா. சாப்பிடுற வரைக்கும்தான். நிறுத்திட்டா உடம்பு பழையபடி ஆயிடும். பின்னாடி வர்ற கருவை இது கலைக்காது."

குரல் போகப்போகத் தேய்ந்தது. அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை. இவ்வளவுதானே, இதைச் சொல்ல இத்தனை நாளா என்று கத்த வேண்டும் போலிருந்தது.

"யார் வாங்கிட்டு வந்து கொடுத்தாங்கன்னும் சொல்லுங்க" என்றாள்.

மாமியார் அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பீரோவில் கிடந்தது மாதிரியே இருந்தது. மெதுவாக நிமிர்ந்து மகனைப் பார்த்தார். அவன் கை தன்னாலே மேலே போய், கோட்டுக்கு உள்ளே இருந்த, மாதாமாதம் அட்டை வந்த சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.