சொரிமுத்து கேட்டது

1942 ஏப்ரல் ஐந்தாம் தேதி ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான் என்று சரித்திரப் புத்தகத்தில் நாலு வரி இருக்கும். தூத்துக்குடித் தோணித் தண்டல் அற்புதமணிக்கு அந்த நாலு வரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம். அதைத்தான் ஏழு வருஷம் வாயைத் திறக்காமல் வைத்திருந்தார்.

தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். பாய் ஏறுவதும் இறங்குவதும், ஆள் போவதும் வருவதும் அவர் சொல்படிதான். அந்தத் தடவை வெங்காயமும் வத்தலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போயிருந்தார்கள். துறைமுகத்தில் யுத்தக் கப்பலும் சரக்குக் கப்பலும் நெருக்கியடித்துக் கிடந்தன. இதில் தோணிக்காரனை எவன் மதிக்கிறான்? பதினோரு நாள் ஓரமாக நங்கூரம் போட்டுக் கிடந்தார்கள். வெங்காயம் அழுகி, சோறு தின்னும்போதுகூட அந்த நாற்றந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் திடீரென்று கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகை விட்டுக்கொண்டு வெளியே கிளம்பின. பொழுது சாய்வதற்குள் பாதித் துறைமுகம் காலி. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. யுத்த காலத்தில் யார் எதைச் சொன்னார்கள்? நிதானமான ஆளாக இருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பான். அற்புதமணிக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது.

"மாதா கண்ணத் தொறந்துட்டாடே! பாஸ்கு திருநாளைக்கு நமக்கு எடம் விட்டுட்டுப் போறானுவ" என்று கூவிக்கொண்டே, சரக்கு இறக்கும் ஜெட்டிப் பாலத்தை ஒட்டிக் கொண்டுபோய்த் தோணியைக் கட்டினார். மறுநாள் பாஸ்கு, அதாவது ஈஸ்டர். பதினோரு நாள் காத்துக் கிடந்தவனுக்குக் காலி இடம் கண்ணில் பட்டால் வேறெதுவும் படுவதில்லை.

அப்போதுதான் சொரிமுத்து வந்து நின்றான். தோணியில் இருந்த ஆறு பேரில் அவன் ஒருத்தன்தான் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், இல்லை. ஊரில் அவன் பெண்டாட்டி முத்துக்கனிக்கு நிறைமாசம். முதல் பிள்ளை பிறந்த அன்றைக்கே போய்விட்டது. அன்றைக்கும் அவன் கடலில்தான் கிடந்தான். இந்தத் தடவை பக்கத்தில் இருப்பேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு வந்திருந்தான்.

"அண்ணாச்சி, காயல்பட்டினத்து ஜக்கரிய்யா காக்கா தோணி இப்பவே பாய் விரிக்குது. என்னையும் ஏத்திக்கிடுதேன்னு சொல்லிட்டாரு. நான் போவட்டா?"

"நாளைக்குக் காலைல பாஸ்கு பூசை. நாங்க அஞ்சு பேரும் கோயிலுக்குப் போனா காவலுக்கு யாருலே இருப்பா?"

அந்தத் தோணியில் அப்படி ஒரு வழக்கம். கிறிஸ்துமஸுக்கும் பாஸ்குக்கும் சொரிமுத்து காவல். தீபாவளிக்கும் குலசேகரன்பட்டினம் தசராவுக்கும் அவனுக்கு ஓய்வு. ஆறு வருஷமாக இரண்டு பக்கமும் அதை மீறியதில்லை.

"அதுக்கில்ல அண்ணாச்சி. இத்தன கப்பலும் ஒரே மூச்சுல ஓடுதுன்னா... எனக்கு என்னமோ சரியாப் படல."

"பொண்டாட்டி நெனப்பு வந்துட்டா ஒனக்கு எதுதாம்லே சரியாப் படும்?"

எல்லோரும் சிரித்தார்கள். சொரிமுத்துவும் சிரித்துவைத்தான். ஆனால் நகரவில்லை.

"இந்த ஒரு தடவ விட்டுருங்க அண்ணாச்சி."

"திங்கக்கெழம சரக்க எறக்கிட்டு நாமளே ஓடிருவோம். போ, போயி வேலையப் பாரு."

தூரத்தில் ஜக்கரிய்யா கையை ஆட்டிக் கூப்பிட்டார். இவன் வரவில்லை என்று பதிலுக்குக் கையை ஆட்டினான். அந்தப் பாய் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். அற்புதமணி அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு, மறுநாளைக்கு உடுத்த வேண்டிய வேட்டியை எடுத்து உதறினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் இருக்கும்போது முதல் சத்தம் கேட்டது. ஆண்டவர் உயிர்த்த நாளுக்கு ஊரில் வெடி போடுவது வழக்கம். "இங்கனயும் போடுதானுவ பாத்தியா" என்று பக்கத்தில் இருந்தவனிடம் பெருமையாகச் சொன்னார். இரண்டாவது சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி கொட்டியது. ஜனம் அலறிக்கொண்டு வெளியே ஓடியது.

துறைமுகத்துக்குள் விட மத்தியானம் ஆகிவிட்டது. தோணி கட்டியிருந்த இடத்தில் பாய்மரத்தின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. ஜெட்டிப் பாலத்தில் தார்ப்பாயால் மூடிக் கிடந்தவர்களில் மூன்றாவது ஆள் சொரிமுத்து. மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் சொன்னார்: "ஓடு ஓடுன்னு கத்துனோம். தண்டல் வந்தாத்தான் எறங்குவேன்னுட்டான்."

அற்புதமணி வேறொரு தோணியில் ஊர் வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆனது. சேதி அவருக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. முத்துக்கனி மடியில் பெண்பிள்ளை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குண்டைப் பற்றியோ ஜப்பான்காரனைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஜக்கரிய்யா காக்கா தோணி செவ்வாக்கெழமையே கரை சேந்துட்டுதாமே. அதுல வாறேன்னு அவரு கேக்கலையா அண்ணாச்சி?"

உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது.

"கேக்கலம்மா" என்றார்.

கூட இருந்த நாலு பேரும் தண்டல் சொன்னதற்கு மேல் பேசவில்லை. ஜக்கரிய்யா மட்டும் ஒருநாள் கடற்கரையில் மடக்கி, "நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டிய ஆளு நீருதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் பாஸ்கு வந்தால் ஆட்களை எல்லாம் பூசைக்கு அனுப்பிவிட்டு, அற்புதமணியே தோணியில் காவல் இருந்தார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று ஊர் பேசியது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது.

ஏழாம் வருஷம் ஒருநாள் முத்துக்கனி வீட்டு வழியாகப் போனார். உள்ளே மகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். "ஒங்கப்பன் புத்திதானே ஒனக்கும் இருக்கும். வாறதுக்குத் தோணி இருந்தும், அழுகின வெங்காயந்தான் பெருசுன்னு கெடந்த ஆளு." அந்தப் பிள்ளை தன்பாட்டுக்குச் சோழி உருட்டிக்கொண்டிருந்தது. பலமுறை கேட்டுப் பழகிய பேச்சு போலிருந்தது. அற்புதமணி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன ஒரு வார்த்தை, செத்துப்போனவனைத் தினமும் அடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். காலியான துறைமுகம், சிரித்தது, காவல், ஜக்கரிய்யா கையை ஆட்டியது. மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். தூற்றினால் தேவலை என்றுகூட இருந்தது.

"எத்தன தடவ கேட்டாரு?"

"ரெண்டு தடவ."

முத்துக்கனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகளை இழுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"ஏழு வருசமா அந்த மனுசன ஏசாத நாளில்ல அண்ணாச்சி. இனி நான் எங்கன போயி அவருகிட்ட மாப்பு கேக்க?"