மூன்றில் இரண்டு பங்கு

மலாயாவில், கோலா குபு பாரு பக்கத்து ரப்பர் தோட்டம் அது. அங்கே சோறு பொது, குழம்பு தனி. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்று சர்க்கார் அவசரகால உத்தரவு போட்டு, முள்வேலிக்குள் ஒரே அடுப்பில் எல்லாருக்கும் சோறு வடித்துக் கொடுத்தது. குழம்பை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். குழம்பை வைத்துக்கொண்டு யாரும் புரட்சி செய்துவிட முடியாது என்று மேலிடத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி பெர்னாட்டுக்கு இது வசதியாகப் போயிற்று. 1957ஆம் வருஷம். சுதந்திரம் வரப்போகிறது. புது அரசமைப்புச் சட்டத்தை ஜனங்களுக்கு விளக்கும் வேலையைத் தொழிற்சங்கத்தார் அவன் தலையில் கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொன்னான். போலீஸ், பட்டாளம், குடியுரிமை எல்லாம் நடுவில் இருக்கும் கூட்டரசுக்கு, அது சோறு. நிலம், காடு, ஆறு அந்தந்த மாநிலத்துக்கு, அது குழம்பு. இரண்டுக்கும் மேலே சட்டம். மீறினால் பிரதம மந்திரியானாலும் கோர்ட்டு கேள்வி கேட்கும்.

கூட்டரசும் இந்தப் பொதுச் சோறு மாதிரிதான் குழைந்துபோய் இருக்குமா என்று, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் செல்லையா கேட்டார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பெண்கள் பக்கமிருந்து நவமணி எழுந்தாள். பொது அடுப்பில் சோறு அள்ளிப் போடுகிறவள்.

"ஒரு மாநிலத்தோட எல்லையை, அதைக் கேக்காமலே மேல இருக்கிறவங்க மாத்தலாமா, கிராணியாரே?"

"முடியாது. அந்த மாநிலம் சம்மதிக்கணும்."

"அப்ப சரி" என்று உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டத்துக்கு அது சட்டக் கேள்வி. பெர்னாட்டுக்கு அது கல்யாணக் கேள்வி. கட்டிக்கொள்கிறாயா என்று அவளைக் கேட்டு மூன்று வாரம் ஆகியும் பதில் இல்லை. அவன் வேதக்காரர் வீட்டுப் பிள்ளை. அவள் வருஷம் தவறாமல் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறவள். அவள் வாயைத் திறக்கும் முன்பே, அவனுடைய அம்மா கான்ஸ்டன்ஸ் மருமகளுக்கு லில்லியன் என்று ஞானஸ்நானப் பேர் பார்த்து வைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் சோற்று வரிசையில் நின்று, தட்டோடு ஒரு தாளையும் நீட்டினான். குடும்ப அரசமைப்புச் சட்டம். வீடு, வைத்தியம், பிள்ளைகள் படிப்பு கூட்டரசுக்கு. பேர், சாமி, பொட்டு அவரவர் மாநிலத்துக்கு.

நவமணி அகப்பையைக் கீழே வைத்துவிட்டுப் படித்தாள்.

"உங்கம்மா?"

"சொல்லிட்டேன். லில்லியன் இப்ப எங்க வீட்டு ஆட்டுக்குட்டி பேரு."

சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்வது யார் என்று கேட்டாள். ஆஸ்பத்திரி டிரெசர் சிவானந்தம் என்றான். யார் என்ன நோவென்று போனாலும் அவர் கொடுப்பது ஒரே சிவப்பு மருந்துதான், பாரபட்சமே கிடையாது.

"சட்டத்தைத் திருத்த மூணுல ரெண்டு பங்கு வோட்டுன்னு போட்டிருக்கீங்க. இருக்கிறதே ரெண்டு பேரு. ஒருத்தர் வோட்டு பத்தாதே."

"பத்தாது. ரெண்டு பேரும் சேந்தாத்தான்."

வரிசையில் பின்னால் நின்ற, பால்மரம் வெட்டும் இருசப்பன் மங்குத்தட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் விரல் கடைசி வரிக்கு வந்து நின்றது.

"அவசரகாலத்துல எல்லா அதிகாரமும் ஒருத்தர் கைக்குப் போகும்னு இருக்கு." வேலிப் பக்கம் பார்த்தாள். "சர்க்காரோட அவசரகாலம் ஒம்பது வருஷமா நிக்குது. உங்களுது எப்ப முடியும்னு எழுதலையே."

பெர்னாட் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். வெகுநேரம் யோசித்து எழுதினான்: 'அவசரகாலம் என்பது ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் மட்டும். மற்றவர் எல்லாப் பொறுப்பையும் எடுத்துக்கொள்வார். காய்ச்சல் விட்ட அன்றே திருப்பித் தர வேண்டும்.'

நவமணி அதை இரண்டு தரம் படித்தாள். பென்சிலை வாங்கி, 'விட்ட அன்றே' என்பதை அடித்துவிட்டு, 'விட்டு, எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி குடித்த பிறகு' என்று எழுதினாள்.

"திருத்தம் கொண்டாந்துட்டேன். என் வோட்டு விழுந்தாச்சு. உங்களுது?"

பெர்னாட் கையைத் தூக்கினான்.

கிராணி இன்னொரு அகப்பைச் சோறு கேட்கிறார் என்று நினைத்த இருசப்பன், "இங்க எல்லாருக்கும் அளவு ஒண்ணுதான் லா" என்றான்.